ஒரு மணி அறுபது நிமிடம்

எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பயிற்சியாளர்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு பெற்று ஒரு வருடமே ஆனவனிடம் நாலு வார்த்தை கேட்பது எவ்வளவு ஆபத்து என்று கேட்டவர்களுக்குத் தெரியவில்லை. எஞ்சின் நின்றால் என்ன செய்வது, சக்கரத்தை எப்போது இறக்குவது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் ஒரு நாள், பறந்த நேரத்தைக் குறிக்கும் என் பதிவேட்டில் ‘ஒரு மணி அறுபது நிமிடம்’ என்று எழுதினேன். என் கையெழுத்துதான், மை பேனாவில், அழகாக.

சிரித்து முடித்துவிட்டீர்களா? சரி, மேலே போவோம்.

அப்போது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. நெல்லைக்கும் கடலுக்கும் நடுவே உடைமரக் காட்டுக்குள் கிடக்கும் நம் ஓடுதளத்தில் இருபது வருடமாக ஒற்றை எஞ்சின் விமானத்தில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் படித்தவர்களெல்லாம் இரட்டை எஞ்சினுக்குப் போனார்கள், அப்புறம் ஜெட்டுக்குப் போனார்கள், தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினார்கள். நான் மட்டும் பஸ் ஸ்டாண்டில் எல்லாரையும் ஏற்றிவிட்டுத் திரும்பி வருகிற ஆளாகவே இருந்தேன். வெளியே சிரித்தாலும் உள்ளே பொறாமை இருந்தது. இரண்டு எஞ்சின் ஒரே நேரத்தில் உறுமுகிற சத்தத்தைக் கேட்டால் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பேன்.

அந்த வருடம் ஆனி மாதம் பள்ளியின் ஒரே இரட்டை எஞ்சின் விமானம் இரண்டு மாதத்துக்கு நம் ஓடுதளத்துக்கு வந்தது. அதை ஓட்டத் தனித் தகுதி வேண்டும். பள்ளியின் பாடத்திட்டப்படி பதினைந்து மணி நேரம் அதில் பறந்து, பதிவேட்டில் எழுதி, பயிற்சியாளரிடம் கையெழுத்து வாங்கி, பிறகு வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் முன் பறந்து காட்ட வேண்டும். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். என் மனைவி பாளையங்கோட்டையில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எதிர்வீட்டு ஓய்வு பெற்ற தாசில்தார் மட்டும், “ஏன், அந்த ஒரு எஞ்சின் காணாதா?” என்று கேட்டார்.

எனக்குக் கற்றுத்தர வந்தவர் புன்னக்காயல்காரப் பெண். ஆறு கடலில் விழுகிற இடத்தில் மீன்பிடிக் குடும்பம். அப்பாவுக்குச் சொந்தமாக வள்ளம் இருந்தது. வயது இருபத்தேழு. என் வயதில் சரிபாதியும் ஒரு துளியும். இன்று பெரிய விமானத்தில் கேப்டனாக இருக்கிறார். பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவார். தரையில் நான் அவருக்கு அண்ணாச்சி, அவர் எனக்கு மேடம். வானத்தில் நான் ஒன்றுமே இல்லை.

முதல் நாளே ஓர் எஞ்சினின் விசையைச் சொல்லாமல் குறைத்துவிட்டார். விமானம் அந்தப் பக்கமாகத் தலையைத் திருப்பியது. எதிர்ப்பக்கத்து மிதியை அழுத்த வேண்டும் என்பது எனக்கும் தெரியும், என் காலுக்குத்தான் தெரியவில்லை.

“மிதிங்க அண்ணாச்சி! காலை அம்மிக்கல்லு மாதிரி போட்டு வச்சிருக்கிய!”

மிதித்தேன். விமானம் நேரானது. நான் ஆறாம் வகுப்புப் பையன் மாதிரி வாய்விட்டுச் சிரித்தேன், அவரும் சிரித்தார். அதற்கப்புறம் என் முறை வரும் ஒவ்வொரு நாளும் காலையில் காற்று எழும்பும் முன்னால் பறந்தோம். இறங்கி வீட்டுக்கு வரும்வரை நான் விசிலடித்துக்கொண்டே வந்தேன். விசிலடிக்கிற ஆள் இல்லை நான்.

இப்போது அந்தப் புள்ளிக்கு வருகிறேன்.

என் ஒற்றை எஞ்சின் விமானங்களில் நேரத்தைக் கைக்கடிகாரம் பார்த்துக் குறிப்போம். ஒரு மணி இருபது நிமிடம் என்றால் 1.20. நம் ஊரில் மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே வைப்பது புள்ளிதான். எந்தக் கல்யாணப் பத்திரிகையை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள் என்றுதான் இருக்கும். ஆனால் புதிதாக வந்த விமானத்தில் நேரத்தைச் சொன்னது ஒரு மீட்டர், இறங்கியதும் காட்டுவதிலிருந்து புறப்படும்போது காட்டியதைக் கழிக்க வேண்டும். அதில் புள்ளிக்கு அடுத்த எண் மணியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆறு நிமிடம். கழித்து 1.2 வந்தால் ஒரு மணி பன்னிரண்டு நிமிடம். நான் முழங்காலில் கட்டியிருக்கும் அட்டையில் 1.2 என்று குறிப்பேன். வீட்டுக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்ததும் கை தானாக 1.20 என்று எழுதும். ஒரு மணி இருபது. எட்டு நிமிடம் சும்மா கிடைத்தது. 1.4 என்றால் பதினாறு நிமிடம் சும்மா.

இது எனக்குத் தெரியாத விஷயமா என்றால், சொல்ல வெட்கமாக இருக்கிறது, பள்ளியில் ‘பதிவேடு எழுதுவது எப்படி’ என்ற வகுப்பை எடுத்ததே நான்தான். இருபது வருடம். மீட்டர் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம். தெரியாத பாடத்தில் நாம் கவனமாக இருப்போம். தெரிந்த பாடத்தில்தான் கை வழுக்கும்.

பத்து தடவை பறந்தோம். பத்திலும் மீட்டர் 1.1 முதல் 1.4 வரைதான் காட்டியது. ஒரு நாளாவது 1.7 என்று காட்டியிருந்தால் எழுதும்போதே விழித்திருப்பேன். என் கணக்குப்படி பதினான்கு மணி இருபது நிமிடம் ஆகியிருந்தது. இன்னும் நாற்பது நிமிடம்தான் பாக்கி.

பதினோராவது பறப்பு, தேர்வுக்கு முந்தின நாள் காலை. இறங்க வரும்போது ஓடுதளத்தில் ஓர் ஆட்டுக்கூட்டம். வேலியில் எங்கேயோ இடைவெளி. கீழே மெக்கானிக் சுடலை துண்டை வீசிக்கொண்டு ஆட்டுக்குப் பின்னால் ஓடுகிறார், ஆடு அவருக்குப் பின்னால் ஓடுகிறது. நாங்கள் மேலே வட்டமடித்து வட்டமடித்து, வயிறு வலிக்கச் சிரித்து, கடைசியில் இறங்கினோம். அட்டையில் மீட்டரைக் குறித்துக்கொண்டேன்.

அப்போதே பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. பதினைந்து மணி முடிந்துவிட்டதே! வீட்டுக்குப் போனேன். வாழையிலைச் சாப்பாடு, அப்புறம் ஒரு தூக்கம். என் மனைவி அதற்குள் தெருவில் வீடு வீடாக அல்வா கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அல்வா கொடுப்பதற்கு நம் தமிழில் இன்னொரு அர்த்தம் இருப்பது அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை.

நாலு மணிக்கு ஓடுதளத்து அலுவலக அறையில் உட்கார்ந்து பதிவேட்டை விரித்தேன். அட்டையில் 1.6 என்று இருந்தது. எழுதினேன்: 1.60.

பேனாவை மூடினேன். திறந்தேன். திரும்பப் பார்த்தேன். ஒரு மணி அறுபது நிமிடம்.

முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு மேலே இருந்த பத்து வரிகளையும் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. மீட்டர் கணக்கில் எல்லாவற்றையும் மறுபடி கூட்டினேன். பதினான்கு மணி பன்னிரண்டு நிமிடம். நாற்பத்தெட்டு நிமிடம் குறைகிறது. மறுநாள் ஆறரைக்குத் தேர்வாளர் வருகிறார். ஒன்றரை மணி நேரத் தேர்வு முடிந்த கையோடு, காற்று எழும்பும் முன்னால், விமானம் வடக்கே இன்னொரு கிளைக்குப் பறந்துவிடும். மறுபடி எப்போது வரும், வந்தால் எனக்கு என்ன வயது என்று யாருக்குத் தெரியும்? எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது.

சுடலை உள்ளே வந்தார். கங்கைகொண்டான்காரர், என் வயதுதான், இருபது வருடப் பழக்கம்.

“என்னவே, பேயறைஞ்ச மாதிரி இருக்கீரு?”

சொன்னேன். அவர் பதிவேட்டை எட்டிப் பார்த்தார்.

“நாப்பத்தெட்டு நிமிஷத்துக்கா இந்தப் பாடு? இருவது வருசமா வானத்துலதான கெடக்கீரு. மேல உள்ளதை எவன் கூட்டிப் பாக்கப் போறான்? கீழ உள்ள அந்த அறுவதை மட்டும் முப்பத்தாறா மாத்தி எழுதும். சோலி முடிஞ்சுது.”

பேனாவைத் திறந்தேன் என்பதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு நிமிடமாவது அதைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்திருப்பேன். என்னைத் தடுத்தது என் நேர்மை என்று சொன்னால் அது இரண்டாவது அல்வா. பக்கத்தின் அடியில் அந்தப் பெண்ணின் கையெழுத்து இருந்தது. முந்தின நாள்தான் போட்டார். “பதிவேடு வாத்தியாரு கணக்கை நான் கூட்டிப் பாக்கணுமாக்கும்?” என்று சொல்லி, சிரித்துக்கொண்டே போட்டார். இந்தப் பொய் என்றைக்காவது வெளியே வந்தால் எனக்குப் போவது ஒரு ஆசை. அவருக்குப் போவது இனிமேல் பறக்கப்போகிற அத்தனை வருடமும்.

எழுந்து போய் விமானத்தடியில் நின்ற அந்தப் பெண்ணிடம் பதிவேட்டை நீட்டினேன். அந்த வரியில் விரலை வைத்தேன்.

அவர் பார்த்தார். ஒரு விநாடி கழித்து றெக்கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்படி ஒரு சிரிப்பு. விக்கல் வந்துவிட்டது. சுடலை தண்ணீர் கொண்டு வந்தார்.

“முகூர்த்தப் புள்ளியா அண்ணாச்சி? மீட்டருக்கு முகூர்த்தப் புள்ளியா வச்சிய?”

கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தின் அடியைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“நானும் கூட்டிப் பாக்கலையே. கையெழுத்து என்னோடதுல்லா.” பதிவேட்டை மடியில் விரித்தார். “பேனாவை எடுங்க. அழிக்கப்படாது. ஒவ்வொரு வரியிலயும் ஒரு கோடு. பக்கத்துல சரியான நேரம். ரெண்டு பேரும் கையெழுத்து. அம்புட்டுத்தான்.”

பதினோரு கோடு போட்டோம். அப்புறம் இரண்டு பேரும் காற்றுத்திசைப் பையைப் பார்த்தோம். ஆடிக் காற்று, பை கம்பத்திலிருந்து கையை நீட்டின மாதிரி விறைத்து நின்றது. அந்தக் குறுக்குக் காற்றில் எங்கள் விமானம் புறப்படக் கூடாது. இருட்டிய பிறகு நம் ஓடுதளத்தில் இறங்கவும் கூடாது, காலை ஆறரைக்கு முன்னால் புறப்படவும் கூடாது.

“பொழுது சாயும்போது கச்சான் அமரும்,” என்றார். கச்சான் என்றால் அவர்கள் கடற்கரையில் மேல்காற்று. “அஞ்சே முக்கால் வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள அமந்தா போவோம். அஞ்சு நாப்பத்தாறுக்கு அமந்தாலும் போவ மாட்டோம். இப்பமே சொல்லிட்டேன், அப்புறம் கெஞ்சப்படாது.”

பிள்ளைகளே, இதை மட்டும் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஆசை வருகிறதற்கு முன்னால் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். வந்த பிறகு சொல்கிற எல்லை, ஆசை எழுதிக் கொடுத்ததாக இருக்கும்.

ஐந்தரைக்குப் பை தளர்ந்தது. ஐந்து நாற்பதுக்குப் பாதி தொங்கியது. மீட்டரின் கடைசிக் கட்டத்தில் பூஜ்யம் இருந்தது, பார்த்து எழுதிக்கொண்டேன். அது எட்டைத் தொட வேண்டும். எட்டு என்றால் நாற்பத்தெட்டு நிமிடம். ஐந்தே முக்காலுக்கு எல்லாச் சோதனையும் முடித்து நகர்ந்தோம்.

மேலே ஏறியதும் ஆற்றைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போனோம். இரண்டு கரையும் வாழையும் நெல்லுமாகப் பச்சை, நடுவில் தாமிரபரணி வெயிலில் தகடாக மின்னியது. என் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஆனாலும் எனக்குப் பாட வேண்டும்போல இருந்தது. கடல் தெரிந்தது. புன்னக்காயலுக்கு நேரே வந்ததும் அவர் எட்டிப் பார்த்து, “எங்க வீட்டு மாடியில யாரோ துணி எடுக்காவ” என்றார். தெற்கே திருச்செந்தூர்க் கோபுரம் சின்னதாக நின்றது. மீட்டரில் மூன்று.

அந்தப் பக்கம்தான் தேரிக்காடு, செம்மணல் மேடு. அதிலிருந்து புழுதி எழும்பிக் கடலைப் பார்த்துச் சிவப்பாக நகர்ந்தது. முதலில் ஒரு இடத்தில், பிறகு நீளமாக.

அவரும் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

“என்னைப் பாக்காதிய. இன்னைக்கு ஓட்டுறது நீங்க. நீங்களே சொல்லுங்க.”

காற்று மறுபடி எழும்புகிறது. இப்போது திரும்பினால் மீட்டர் ஏழிலோ எட்டிலோ நிற்கும். இன்னொரு வட்டம் போட்டுவிட்டுத் திரும்பினால் எட்டு நிச்சயம். இறங்க முடிவது நிச்சயமில்லை. என் வலது கை இன்னொரு வட்டம் என்றது. அந்தக் கை அன்றைக்கு ஏற்கெனவே ஒரு மணி அறுபது நிமிடம் எழுதின கை. அதை நம்பலாமா?

“திரும்புவோம்,” என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

இறங்கும்போது காற்று இடது பக்கத்திலிருந்து தள்ளியது, விதி அனுமதிக்கிற அளவின் விளிம்பில். “பைய... பைய... அப்படித்தான், பைய” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு சக்கரம் தொட்டது, அடுத்தது தொட்டது. நிறுத்துமிடம் வந்து எஞ்சினை அணைத்தபோது வெளியே பை மறுபடி விறைத்துவிட்டது.

மீட்டரைப் பார்த்தோம். கடைசி எண் ஏழும் இல்லை, எட்டும் இல்லை. ஏழு மேலே போகிறது, எட்டு கீழேயிருந்து பாதித் தலையைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

சுடலை கதவைத் திறந்து தலையை நீட்டினார். “எட்டுதாம்வே! தெளிவாத் தெரியுது எட்டு!”

“அண்ணாச்சி,” என்றார் அந்தப் பெண். “உங்க வகுப்புல என்ன சொல்லிக் கொடுப்பிய?”

சந்தேகம் வந்தால் குறைந்ததை எழுது. இருபது வருடம் சொல்லிக் கொடுத்தேன். ஏழு என்று எழுதினேன். நாற்பத்திரண்டு நிமிடம். ஆறு நிமிடம் குறைகிறது. சுடலை தலையில் அடித்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை தேர்வாளர் சரியாக ஆறரைக்கு வந்தார். பஞ்சுத் தலை, இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. வணக்கம் சொன்ன வாயோடு, “சார், எனக்கு ஆறு நிமிடம் குறைகிறது” என்று சொல்லிப் பதிவேட்டைக் கொடுத்தேன். அவர் நின்றுகொண்டே புரட்டினார். கோடு போட்ட பக்கத்தில் நிறுத்தினார். கோட்டுக்கு அடியில் பழைய எண்ணெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

“உங்க ஊர்ல மணிக்கு எத்தனை நிமிஷம்?”

எனக்குப் பின்னால் அந்தப் பெண்ணுக்கு விக்கல் திரும்ப வந்தது.

“அறுபதுதான் சார்,” என்றேன். “நேத்து சாயங்காலத்திலிருந்து.”

அவர் சிரிக்கவில்லை. பதிவேட்டை என்னிடமே கொடுத்தார். “நான் இன்னும் டீ குடிக்கல. எனக்கு ரொம்பச் சூடா இருக்கணும், ஆற வச்சுத்தான் குடிப்பேன். கால் மணி நேரம் ஆகும்.” பிறகு விமானத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, “ஏன் இன்னும் இங்க நிக்கிறீங்க?” என்றார்.

ஓடினேன். ஐம்பத்து மூன்று வயதில், ஓடுதளத்து ஓரத்தில், பதிவேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். அந்தப் பெண் எனக்கு முன்னால் ஓடினார். சுடலை சக்கரக்கட்டையை இழுத்தார். ஆடு உண்டா என்று பார்த்துவிட்டு இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தினார். காற்றே இல்லை. இரண்டு எஞ்சினும் உறுமின. ஏறினோம், ஒரே ஒரு சுற்று, இறங்கினோம். போய் வந்தது அவ்வளவுதான். அந்தச் சுற்று முழுக்க நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்தோம், எதற்கென்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது.

நின்றதும் அங்கேயே பதிவேட்டைத் திறந்தேன். மீட்டர் 0.2 கூடியிருந்தது. பேனா காகிதத்தைத் தொடும்போது அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுதினேன்: பன்னிரண்டு நிமிடம். எண்ணால் எழுதவில்லை, எழுத்தால் எழுதினேன். அவர் ஒருமுறை கூட்டினார், இன்னொருமுறை கூட்டினார், பதினைந்து மணி ஆறு நிமிடம் என்று வாய்விட்டுச் சொன்னார். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.

தேர்வில் தேறினேன். அதற்குப் பிறகு வெவ்வேறு கிளைகளில் வருடக்கணக்காக இரட்டை எஞ்சினில் பறந்து, உங்களில் சிலருக்குக் கற்றும் கொடுத்தேன். போன வருடம் ஓய்வு பெற்ற அன்று அந்தக் கேப்டனிடமிருந்து கைபேசியில் ஒரு செய்தி வந்தது: “வாழ்த்துகள் அண்ணாச்சி. மொத்தம் எத்தனை மணி பறந்திருக்கிய? முகூர்த்தப் புள்ளி இல்லாம சொல்லுங்க.”

கூட்டிப் பார்த்துச் சொன்னேன். பெரிய எண்தான். ஆனால் பதிவேட்டை எப்போது எடுத்தாலும் நான் முதலில் தேடிப் பார்ப்பது அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைத்தான்.